பரமபதத்தில் ஏணி யாருக்கு, பாம்பு யாருக்கு?

உழைக்கும் தமிழ்க் குடும்பத்தாரே!

சென்ற ஓணத்துக்குச் சில நாள் முன்பு பக்கத்து டவுனில் ஒரு நகைக்கடைத் திறப்பு விழா நடந்தது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். நம் செங்கல் பகுதிப் பிள்ளைகள் எட்டுப் பேர் நையாண்டி மேளத்துக்குப் போனார்கள். காலை 7 மணிக்கு வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் பகல் 1 மணிவரை வெயிலில் நின்று அடித்தார்கள். சென்னையிலிருந்து பின்னணிப் பாடகர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். இரண்டு பாட்டுப் பாடினார், பொன்னாடை வாங்கினார், போனார். அவருக்குரிய பணம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்குப் பேசியது 15,000 ரூபாய். ஏஜெண்ட் கையில் வைத்தது 9,000.

ஒரு வாரம் கழித்து அந்தக் கடையின் விளம்பரப் படம் எல்லோர் கைபேசியிலும் ஓடியது. அதில் நம் தவில் கேட்கிறது, பம்பை கேட்கிறது. அடித்த கை எங்கும் இல்லை. ஒரு தாயார் அந்தப் படத்தை மூன்று முறை போட்டுப் பார்த்தார். “சத்தம் எனக்க மவனுக்கதுதான், ஆளத்தான் காணல்லியே” என்றார்.

தோழர்களே, அந்தத் தாயாரின் சொல் நகைக்கடை வாசலோடு நின்றுவிடுவதில்லை. பாரிஸ், மிலான் என்னும் மாநகரங்கள் வரைக்கும் அது பொருந்தும். எப்படி என்று சொல்கிறோம், கேளுங்கள்.

ஒரே வாரம், இரண்டு மேடை

2025 ஜூன் 22. இத்தாலியின் மிலான் நகரில் பிராடா என்னும் ஆடம்பரக் கம்பெனி ஆண்கள் உடைக் கண்காட்சி நடத்தியது. மேடையில் நடந்த அழகர்களின் காலில் கோலாப்பூர் செருப்பு! மராட்டியத்திலும் கன்னட நாட்டின் வடக்கிலும் தலைமுறை தலைமுறையாகத் தோல் தைக்கும் தாழ்த்தப்பட்ட மக்கள் செய்துவரும் அதே செருப்பு. 2019இலேயே புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஆனால் அந்த மேடையில் கோலாப்பூர் என்ற பேச்சே இல்லை. வெறும் ‘தோல் செருப்பு’!

இரண்டே நாள் கழித்து, ஜூன் 24. பாரிஸ் நகரின் பாம்பிடு மையத்தில் லூயி வித்தோன் கம்பெனியின் கண்காட்சி. ஒரு கைப்பையை லட்ச ரூபாய்க் கணக்கில் விற்கிற கம்பெனி அது. அதன் ஆண்கள் பிரிவுக்குக் கலைத் தலைவர் ஃபாரெல் வில்லியம்ஸ், அமெரிக்க இசைக்காரர். அந்த ஆண்டு அவர்களுக்கு இந்தியா மேல் காதல் பிறந்தது. மும்பைக் கட்டிடக் கலைஞர் பிஜோய் ஜெயின் மேடைத் தரையையே ஒரு பெரிய பரமபதக் கட்டமாக வரைந்து கொடுத்தார். நம் ஏ. ஆர். ரஹ்மான் ஃபாரெலுடன் சேர்ந்து உருவாக்கிய பாட்டும் அங்கே முழங்கியது. இருவர் பெயரும் உலகப் பத்திரிகைகளில் வந்தன.

பாம்பும் ஏணியும் வரைந்த தரையை எண்ணிப் பாருங்கள். பெயர் பெற்ற கலைஞருக்கு ஏணி வைத்து ஏற்றினார்கள். செருப்புத் தைத்தவரைப் பாம்பு விழுங்கிவிட்டது. ஒரே வாரத்தில் நடந்த ஒரே ஆட்டம் இது.

ரஹ்மான் மேல் நமக்கு எந்தக் காய்ச்சலும் கிடையாது. தமிழன் ஒருவன் பாட்டு பாரிசில் ஒலித்தால் நமக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. உழைத்த கலைஞர் பெயரோடும் பணத்தோடும் நடத்தப்பட்டார் என்றால் அது சரியான நடத்தை. அந்தச் சரியான நடத்தை ஏன் ஒருவரோடு நின்றுபோகிறது? நம் கேள்வி இதுதான்.

கலைஞரைத் தேடி முதலாளி ஏன் வருகிறார்?

பை என்பது என்ன? தோல், நூல், கொக்கி, தையல். தையல்காரரின் கூலியும் தோலின் விலையும் சேர்ந்தால் ஒரு தொகை வரும். அதைப் போல நாற்பது மடங்கு, ஐம்பது மடங்குக்கு விற்க வேண்டுமானால் பையோடு சேர்த்து ஒரு கதையும் விற்கவேண்டும். அந்தக் கதைக்குத்தான் கலைஞர் தேவைப்படுகிறார்.

லூயி வித்தோன் 2001இல் ஸ்டீபன் ஸ்பிரவுஸ் என்பவரின் கிறுக்கல் எழுத்தைப் பைமேல் போட்டது. 2003இல் ஜப்பானிய ஓவியர் தகாஷி முரகாமியின் வண்ணங்களைப் போட்டது. 2025இல் அதையே மறுபடி தூசு தட்டி விற்றது. 2012இலும் 2023இலும் யாயோய் குசாமா என்னும் மூதாட்டியின் புள்ளிகளைப் போட்டது. 2023 பிப்ரவரியில், ஓவியத்தை வாங்கியது போதாதென்று, இசைக்காரர் ஒருவரையே கலைத் தலைவராக வைத்துக்கொண்டது. ‘செட்டியார் மிடுக்கா, சரக்கு மிடுக்கா’ என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். இங்கே இரண்டும் இல்லை. கடன் வாங்கிய கலைஞரின் மிடுக்கு!

கலைஞருக்கும் இதில் வருமானம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வெளிச்சம் விழுகிற இடத்தையே எல்லோரும் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற இருட்டை யார் பார்க்கிறார்கள்?

53 யூரோ கணக்கு

அந்த இருட்டில் இருப்பவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்கள்.

2024 ஜூனில் மிலான் நீதிமன்றம், டியோர் கம்பெனியின் இத்தாலியத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றைத் தன் கண்காணிப்பில் வைத்தது. டியோரும் லூயி வித்தோனும் ஒரே முதலாளிக் குழுமத்தைச் சேர்ந்தவை. விசாரணையில் என்ன வெளிவந்தது? மிலானைச் சுற்றியுள்ள பட்டறைகளில் சீனாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் வேலை பார்த்தார்கள். சிலரிடம் குடியேற்றக் காகிதம் இல்லை. எந்நேரமும் வேலைக்குக் கிடைக்கவேண்டும் என்று பட்டறையிலேயே படுத்துறங்க வைத்தார்கள். வேகம் கூடவேண்டும் என்று இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவியைக் கழற்றிவிட்டார்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பையைச் சேர்த்துத் தைத்துக் கொடுக்கப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 4,800 ரூபாய். தோலின் விலை இதில் சேராது. கடையில் அந்தப் பையின் விலை 2,600 யூரோ, அதாவது 2,30,000 ரூபாய்க்கு மேல்! அதே ஆண்டு ஏப்ரலில் அர்மானி கம்பெனியின் நிறுவனம் ஒன்றுக்கும் இதே நீதிமன்றம் இதே கதியைக் கொடுத்தது. 2025 ஜூலையில் லோரோ பியானா என்னும் கம்பெனிக்கும் கொடுத்தது.

டியோர் தன் ஒப்பந்தக்காரர்கள் மறைத்துவிட்டார்கள் என்றது. 2025 பிப்ரவரியில் கண்காணிப்பு நீங்கியது. சுரண்டப்பட்டவர்களுக்கு உதவும் திட்டங்களுக்கு ஐந்தாண்டில் 20 லட்சம் யூரோ தருவதாகவும் அந்த ஆண்டு மே மாதம் ஒப்புக்கொண்டது. நல்லது. ஆனால், “எனக்குத் தெரியாது, ஏஜெண்டைக் கேள்” என்ற பதிலை நாம் எங்கே கேட்டோம்? நகைக்கடை வாசலில் அல்லவா கேட்டோம்!

கேட்டதால் கிடைத்தது

கோலாப்பூர் செருப்புக்கு வருவோம். மேடைப் படங்கள் இங்கே வந்ததும் செருப்புத் தொழிலாளர்கள் கொதித்தார்கள். மராட்டிய வர்த்தக சபை கடிதம் எழுதியது. சில நாளில் பிராடா, இந்தியக் கைவினைச் செருப்பிலிருந்து எடுத்த வடிவம்தான் என்று ஒப்புக்கொண்டது. ஜூலையில் அதன் ஆட்கள் கோலாப்பூருக்கே வந்தார்கள். டிசம்பரில் மராட்டிய, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்களோடு உடன்படிக்கை ஏற்பட்டது. 2,000 ஜோடி அங்கேயே செய்யப்படும், ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்கப்படும் என்று அறிவித்தார்கள். நம் பணத்தில் 80,000 ரூபாய்க்கு மேல். கோலாப்பூர்ச் சந்தையில் அந்தச் செருப்பு சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் வரைதான்.

இதில் இரண்டு பாடம் உண்டு. வாய் திறக்காமல் இருந்திருந்தால் அது இன்றைக்கும் பெயரில்லாத ‘தோல் செருப்பு’தான். இது முதல் பாடம். பெயர் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. அந்த 800 யூரோவில் தைத்தவர் கைக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இது இரண்டாவது.

நம் பாட்டும் தப்பவில்லை

பெயர் தொலைவது பைக்கும் செருப்புக்கும் மட்டும் வரும் நோய் என்று எண்ணாதீர்கள். 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டு நம் வீடுகளில் ஒலிக்காத நாள் உண்டா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை நினைத்து அறிவு எழுதியது. புலம்பெயர்ந்த கூலிக்காரரின் பாட்டு, அதாவது நம் பாட்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைப் புகழ்ந்து அட்டைப்படம் போட்டது. அட்டையில் அறிவு இல்லை! இயக்குநர் பா. இரஞ்சித் முதலானோர் குரல் கொடுத்த பிறகுதான் அறிவின் படத்தோடு இணையத்தில் வேறோர் அட்டை வந்தது. 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டிலிருந்து தமக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். நிறுவனம் தன் விளக்கத்தைச் சொன்னது. அந்த வழக்குக்கு நாம் நீதிபதி அல்லர். ஆனால் கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே கணக்கு இந்தக் கதி என்றால், நம் எட்டுப் பிள்ளைகளின் கணக்கு எந்த மூலைக்கு?

நம் வாசலில் பாலராமபுரம்

“இதெல்லாம் பணக்காரன் விவகாரம், நமக்கு இதில் என்ன?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அவர்களைப் பாறசாலையில் பாசஞ்சர் வண்டி ஏறச் சொல்கிறோம். நெய்யாற்றின்கரை தாண்டினால் பாலராமபுரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராம வர்மா மன்னர் காலத்தில், திவான் உம்மிணித் தம்பி முயற்சியில், நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்கள் குழித்தறி போட்ட ஊர் அது. 1956இல் எல்லை பிரிப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே பிழைக்க வந்த தமிழர்கள்! தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு, வீட்டுப் பெண்கள் தார் சுற்றி, குழியில் கால் தொங்கவிட்டு நெய்த கசவுச் சேலைதான் இன்றைக்கு மலையாள நாட்டின் பெருமை. ஓணம் வந்தால் நட்சத்திரங்கள் அதை உடுத்துக்கொண்டு விளம்பரத்தில் சிரிக்கிறார்கள். கரையைப் போட்ட கை யாருடையது என்று எந்த விளம்பரமாவது சொன்னதுண்டா?

பாலராமபுரம் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஊருக்குப் பட்டயம் கிடைத்தது. நெய்தவருக்கு? அந்தப் பெயரைச் சொல்லி விசைத்தறித் துணி கூசாமல் விற்கப்படுகிறது. அதில் ஒரு பங்கு நம் தமிழ்நாட்டு விசைத்தறிகளிலிருந்தே வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, “அந்தக் குழிக்குள் நான் இறங்கமாட்டேன்” என்கிறான். அவன்மேல் குற்றம் சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. நாளைக்கு பாரிசுக் கம்பெனி ஒன்று கசவைத் தேடி வரலாம். பெயர் பெற்ற ஓவியர் ஒருவர் கரைக்குக் கோலம் போட்டுத் தரலாம். அந்த நாள் வருவதற்குள் நாம் தயாராக இருக்கவேண்டாமா?

என்ன செய்வது?

சட்டம் நம் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், மேடையில் நிகழ்த்துகிறவரின் உரிமை 1994இல் சேர்ந்தது. 2012 திருத்தம், விலக்குகள் சில இருந்தாலும், இன்னார் நிகழ்த்தியது என்று பெயர் சொல்லக் கேட்கும் உரிமையையும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் பங்குத்தொகை கேட்கும் உரிமையையும் தந்தது. பாடகர், இசைக்காரர், ஆட்டக்காரர் என்று அடுக்கும் அந்தச் சட்டம் பாம்பாட்டியைக்கூட மறக்காமல் சேர்த்திருக்கிறது. தவில்காரரை விட்டுவிடுமா?

ஆனால் சட்டம் காகிதத்தைக் கேட்கும். நகைக்கடைக் கணக்கில் பாக்கி 6,000 ரூபாய்க்கு நாங்கள் மூன்று முறை நடந்தோம். 4,000 வந்தது. 2,000 நிற்கிறது. ஏன்? பேசியது வாய்ப்பேச்சு! ரயில்வே எழுத்தர் வேலை நமக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்று உண்டு. மூட்டை சின்னதோ பெரியதோ, ரசீது இல்லாமல் சரக்கு நகராது. நம் உழைப்பு மட்டும் ரசீது இல்லாமல் நகரலாமா?

ஆகவே இனி மேளத்துக்கோ, பாட்டுக்கோ, ஆட்டத்துக்கோ, தையலுக்கோ, தறிக்கோ யார் கூப்பிட்டாலும் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம், அது யார் கையில் வரும் என்று அதில் இருக்கட்டும். படம் எடுத்தால் குழுவின் பெயரும் ஊரும் வரவேண்டும் என்று எழுதுங்கள். அதை விளம்பரத்துக்கு ஓட்டினால் தனிப் பணம் என்றும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் தயங்கவேண்டாம். ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். ஒரு நகல் சங்கத்தில் இருக்கும்.

“அப்படிக் கேட்டால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள்” என்று பயம் வரும். ஒருவர் கேட்டால் கூப்பிடமாட்டார்கள். எல்லையின் இருபக்கமும் உள்ள மேளக்காரர் அத்தனை பேரும் கேட்டால் யாரைக் கூப்பிடுவார்கள்? தவிலில்லாமல் கடை திறப்பார்களா?

நம் ஊரின் பெயரே செங்கல். கட்டிடம் எழும்பிய பிறகு பூச்சுதான் கண்ணுக்குத் தெரியும், வாசலில் முதலாளியின் பெயர்ப்பலகை தெரியும். உள்ளே நின்று சுமப்பது செங்கல்! பூச்சுப் பூசும் கலைஞர் நமக்குப் பகைவர் அல்லர். அவரும் நம்மோடு நின்று, “என் பெயரைப் போடுகிறாயே, இவர்கள் பெயர் எங்கே?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அதுவரை அந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.

அடித்த கைக்குப் பெயர் வேண்டும்! நெய்த கைக்குக் கூலி வேண்டும்!