பூவா? இந்த வீட்டுக்கா?

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு பழைய வீடு. பகல் பதினொரு மணி. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய இளைஞன் ஒருவன், கண்ணாடிக் காகிதம் சுற்றிய பெரிய பூங்கொத்து ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு திண்ணையோரம் நிற்கிறான். ரேழியிலிருந்து எட்டிப் பார்த்த எழுபத்தெட்டு வயதுப் பாட்டி அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

"பூவா? இந்த ஆத்துக்கா? நம்பரைச் சரியாப் பாருப்பா. அடுத்தாத்துல கல்யாணப் பொண்ணு இருக்கா. அங்கேதான் வந்திருக்கும்."

"இல்லே பாட்டி, உங்க பேருதான் போட்டிருக்கு. அமெரிக்காவிலேருந்து உங்க பையன் சொல்லி அனுப்பினாரு. வாங்கிக்கிடுங்க, ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பணும்."

பாட்டி கையை நீட்டவில்லை. திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறாள். வண்டி தெருக்கோடி திரும்பி மறைந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதற்குள் அக்கம்பக்கத்தார் கூடிவிடுகிறார்கள். விலை என்ன இருக்கும் என்று ஒருத்தி கணக்குப் போடுகிறாள். "இந்தக் காசுக்குப் பத்து நாள் பெருமாளுக்கு மாலை சாத்தியிருக்கலாமே, மாமி" என்கிறாள் இன்னொருத்தி. "தலையிலே வெச்சுக்கறதா, சுவாமிக்குப் போடறதா, இதை என்னதான் பண்றது?" என்று மூன்றாவது ஒரு குரல் கேட்கிறது.

தமிழ்நாட்டின் ஊர்களில் இந்தக் கேள்வி இப்போது பல வாசல்களில் கேட்கிறது. பிள்ளைகள் தூர தேசத்தில் இருக்கிறார்கள். பெற்றோர் சொந்த ஊரில் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் நாலு தட்டுத் தட்டினால் உள்ளூர்க் கடையிலிருந்து புதுப்பூ வீடு தேடி வந்துவிடுகிறது. வந்த பூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் பெரியவர்களுக்கு விளங்குவதில்லை.

அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழர் வீட்டில் பூ என்றால் அதற்கு ஒரு வேலை உண்டு. மல்லிகை கொண்டைக்கு. துளசியும் அரளியும் சுவாமிக்கு. ரோஜா மாலை மாப்பிள்ளைக்கும் மந்திரிக்கும். 99 பூக்களை வரிசையாக அடுக்கிச் சொல்லும் குறிஞ்சிப்பாட்டில்கூட, பறித்துக் குவித்த பெண்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, தொடுத்து அணிந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவாரே தவிர, பூ வாங்கிப் போக மாட்டார். செண்டு என்ற சொல் பழைய சொல்தான். மணமக்கள் கையில் பூச்செண்டு கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் முகூர்த்தம் முடிந்தால் செண்டின் வேலையும் முடிந்தது. மேஜை மேல் வைத்து நாலு நாள் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்று பூ வாங்குவது மேனாட்டு வழக்கம்.

மேடைகளில் பூங்கொத்துக்கு இப்போது மவுசு குறைந்துவிட்டது என்பது வேறு விஷயம். 2017-ல் பிரதமர் மோடி தம் வானொலிப் பேச்சில், பூங்கொத்துக்குப் பதிலாகப் புத்தகம் கொடுங்கள் என்றார். சால்வைக்கும் செண்டுக்கும் பதில் புத்தகம் போதும் என்று மு.க. ஸ்டாலினும் கேட்டுக்கொண்டார். நல்ல யோசனைதான். கூட்டம் முடிந்ததும் நாற்காலிக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் பூவைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் மேடைக்குச் சொன்னதை அப்படியே வீட்டுக்கும் சொல்லிவிட முடியுமா?

தந்தியில் வந்த பூ

இந்த ஏற்பாட்டின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பூ அனுப்ப வேண்டுமானால் பெட்டியில் வைத்து ரயிலில் ஏற்ற வேண்டும். போய்ச் சேருவதற்குள் பாதி வாடிவிடும். 1910-ல் 15 பூ வியாபாரிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். பூ பிரயாணம் செய்ய வேண்டாம், தந்தி மட்டும் போகட்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. நியூயார்க்கில் இருக்கும் மகன் அங்குள்ள கடையில் பணம் கட்டுவான். அந்தக் கடைக்காரர் சிகாகோவில் உள்ள கடைக்குத் தந்தி கொடுப்பார். சிகாகோக்காரர் தம் கடைப் பூவையே கட்டித் தாயார் வீட்டில் சேர்ப்பிப்பார். பணம் கட்டிக்கொண்ட கடைக்கு ஐந்தில் ஒரு பங்கு. மீதி பூக் கட்டியவருக்கு. கால்களில் சிறகு முளைத்த ரோமானிய தேவதூதனைச் சங்கத்தின் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். பெயரிலேயே 'தந்தி' இருந்தது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் தந்திச் சேவகனைக் கண்டாலே அடிவயிறு கலங்கும். பிரித்துப் படிப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்கள். தந்தியில் பூ வரும் என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இந்தியாவில் தந்தி 2013 ஜூலையோடு முடிந்துபோயிற்று. பூ மட்டும் தந்தி முறையிலேயே இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ஹூஸ்டனில் தட்டும் விரலுக்குத் திருச்சியில் ஒருவர் கத்தரிக்கோலை எடுக்கிறார். நடுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் தகராறு.

நடுவில் ஒரு கம்பெனி இருந்தால் அதற்கு ஒரு பங்கு உண்டு. ஆயிரம் ரூபாய் கட்டினால் ஆயிரம் ரூபாய்க்குப் பூ வராது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படத்தில் ஒன்றைக் காட்டி வீட்டில் வேறொன்றைக் கொடுப்பதைத்தான் பொறுக்க முடிவதில்லை. கம்பெனியின் படத்தில் லில்லியும் ஆர்க்கிடும் இருக்கும். பூக் கட்டும் உள்ளூர்க் கடையிலோ அன்றைக்கு ஜெர்பராவும் ரோஜாவும்தான் இருக்கும். கடைக்காரர் என்ன செய்வார்? இருப்பதை வைத்துக் கட்டுவார். அனுப்பியவருக்குக் கோபம், கட்டியவருக்குக் கெட்ட பெயர். இருவரும் ஒரு வார்த்தை நேரில் பேசிக்கொண்டிருந்தால் இரண்டுமே வந்திராது.

திருச்சிக் கடையில் நல்ல ரோஜா இருக்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம். அது வருவது ஓசூரிலிருந்து. அங்குள்ள குளிர்ந்த சீதோஷ்ணத்தில், பாலிதீன் கூடாரங்களுக்குள் வளரும் ரோஜாவை மொட்டு விரியாத பக்குவத்தில் வெட்டி உடனே தண்ணீரில் நிறுத்துகிறார்கள். மொட்டு கசங்காமல் இருக்கச் சின்ன வலைத் தொப்பி மாட்டுகிறார்கள். இருபது இருபதாகக் கட்டிக் குளிர் அறையில் வைத்து, ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றுகிறார்கள். பிப்ரவரி 14 நெருங்கும்போது இந்தப் பூ ஆகாய விமானம் ஏறிச் சிங்கப்பூருக்கும் போகிறது. திருச்சிக்கு வர ஏறக்குறைய 300 கிலோமீட்டர்தான். அமெரிக்காவில் இருக்கும் மகன் செய்ய வேண்டியது, 'இத்தனை ரூபாய், இன்ன நிறம், இன்று நன்றாக இருக்கும் பூவைக் கட்டுங்கள்' என்று சொல்வது மட்டுமே. பச்சை நிறத்தில் செங்கல் போன்ற கடற்பஞ்சு வைத்துக் குத்த வேண்டாம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம். 1954-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அந்தச் சரக்கு ஒருவகைப் பிளாஸ்டிக்தான். குப்பைக்குப் போனால் மக்காது. தண்டுகளைச் சேர்த்து நாரால் கட்டினால் செம்புத் தண்ணீரில் அழகாக நிற்கும். தினம் தண்ணீரை மாற்றித் தண்டின் நுனியைச் சாய்வாகக் கொஞ்சம் நறுக்கிவிட்டால் சில நாள் தாங்கும். அருகில் வாழைப்பழச் சீப்பு இருக்கக் கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து வரும் வாயு பூவை வாட்டிவிடும்.

கதவில் தொங்கும் பை

இவ்வளவு தூரம் போவானேன்? பூவை வீட்டில் சேர்ப்பிக்கும் தொழில் தமிழ்நாட்டுத் தெருக்களுக்குப் புதிதா என்ன? விடிந்தும் விடியாததுமாகக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரும் பூக்காரம்மா வேறு என்ன செய்கிறாள்? கதவில் ஒரு துணிப்பை தொங்கும். வாடிக்கைப் பூவை இலையில் சுருட்டி அதில் போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள். மாசம் பிறந்தால் கணக்கு. கையெழுத்தும் இல்லை, ரசீதும் இல்லை. எந்த வீட்டில் இன்று வெள்ளிக்கிழமை பூஜை, எந்த வீட்டில் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எந்த வீட்டுக்கு இரண்டு முழம் கூடுதலாக வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முழம் என்பது அவள் முழங்கை அளவு. விலைவாசி ஏறும்போது அந்த முழங்கை மட்டும் எப்படியோ குறுகிவிடுகிறது என்று வீட்டுப் பெண்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். மார்கழி, தைப் பனியில் விளைச்சல் குறைந்து மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது அவள்தான் என்ன செய்வாள்!

அவள் கொண்டுவரும் பூ ஓசூர் ரோஜாவைப் போலக் குளிர் அறையைக் கண்டதல்ல. சூரியன் சுடுமுன் மொட்டாகப் பறித்து, சந்தையில் எடை போட்டு வாங்கி, ஈர நாரில் விரல்கள் ஓடத் தொடுத்தது. சாயங்காலம் மலரும், மறுநாள் காலை வாடிவிடும். 2013-ல் மதுரை மல்லிகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மணத்துக்கும் ஆயுள் ஒரே ராத்திரிதான். அதனால்தான் இந்தப் பூவைத் தினமும் கொண்டுவர ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

தூர தேசத்தில் இருக்கும் பெண் தன் தாயாருக்குப் பூ அனுப்ப விரும்பினால் இந்தப் பூக்காரம்மாவையே பிடிக்கலாம். அவளிடமும் இன்று கைத்தொலைபேசி இருக்கிறது. பணம் வாங்கிக்கொள்ளும் கட்டம் போட்ட அட்டை கூடையிலேயே தொங்குகிறது. ஒரு மாசத்துக்குத் தினம் இரண்டு முழம் என்று ஏற்பாடு செய்துவிட்டால், கண்ணாடிக் காகிதம் சுற்றிய கொத்தைவிட அது எத்தனையோ மேல். அந்தத் தாயார் தலையில் பூ வைத்துக்கொள்கிறவளாக இருந்தால்!

அவள் நிற்காத வாசல்

பூக்காரம்மா வீதியில் எல்லா வாசலிலும் நிற்பதில்லை. சில வாசல்களில் பை தொங்காது. நேற்று வரை தொங்கியிருக்கும். வீட்டுக்காரர் காலமான பத்தாம் நாளோ பதிமூன்றாம் நாளோ யாரோ அதைக் கழற்றி உள்ளே வைத்திருப்பார்கள். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டைப் பார்க்காதது போல நடந்து போவாள். அவளும் பாவம், வேண்டுமென்று செய்வதில்லை. கூப்பிட்டுப் பூக் கொடுத்தால் வீட்டிலுள்ளவர்கள் மனம் புண்படுமே என்று அஞ்சுகிறாள்.

வளைகாப்பில் பூத்தட்டு வரிசையாக வரும்போது ஒரு நாற்காலியை மட்டும் தாண்டிப் போவதைப் பார்க்காதவர் உண்டா? பிறந்த குழந்தைக்கு முடி வளர்ந்த நாள் முதல் வைத்த பூவை, பின்னால் வந்த கணவன் போகும்போது தன்னோடு கொண்டுபோய்விட்டான் என்றால் அது என்ன கணக்கு? காலம் மாறியிருக்கிறது என்பது மெய்தான். உத்தியோகத்துக்குப் போகிற பெண்கள் பலர் இதை லட்சியம் செய்வதில்லை. பூவும் பொட்டும் என் இஷ்டம் என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் எழுபத்தெட்டு வயதில், அதே வீதியில், அதே மனிதர்கள் நடுவே வாழ்கிற ஒரு பெண்மணிக்கு அது அவ்வளவு சுலபமா? பிள்ளையே ஊரிலிருந்து வந்தாலும் அம்மா கையில் ஒரு முழம் மல்லிகையைக் கொடுக்கத் தயங்குகிறான். தாயும் கேட்பதில்லை.

அந்த ஸ்ரீரங்கத்துப் பாட்டி, "பூவா? இந்த ஆத்துக்கா?" என்று கேட்டது இதனால்தான். இருபத்திரண்டு வருஷமாக அவள் பெயருக்கு என்று அந்த வாசலில் பூ வந்ததில்லை.

இந்த இடத்தில்தான் மேனாட்டுப் பூங்கொத்தை வாய் நிறையப் பாராட்டத் தோன்றுகிறது. தலையில் வைக்க முடியாது, சுவாமிக்குச் சாத்த முடியாது என்று எந்தக் குறையைச் சொல்கிறார்களோ, அதுவே அதன் பெரிய சௌகரியம். தலையில் வைக்கிற பூவானால் யார் வைக்கலாம், யார் கூடாது என்று நூறு விதி. மேஜை மேல் வைக்கிற பூவுக்கு இதுவரை எந்தச் சாஸ்திரமும் விதி எழுதவில்லை. வாங்கிக்கொள்கிறவர் சுமங்கலியா இல்லையா, ஆணா பெண்ணா, எந்த மதம் என்று அது விசாரிப்பதில்லை. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கும் கொடுக்கலாம். உயிரோடிருக்கும் மனிதர் மாலை போடக் கூச்சப்பட்டாலும் கொத்தை வாங்கிக்கொள்வார். இத்தனை பூக்களை அறிந்த ஊரில், ஒரு விதவைத் தாயாருக்குப் பூக் கொடுக்க அந்நிய தேசத்து வழக்கம் ஒன்று தேவைப்படுகிறதே என்று வெட்கப்படுகிறவர்கள் வெட்கப்படட்டும். வழக்கம் மாறுகிற வரை அவள் காத்திருக்க வேண்டுமா?

பூவை மகன் எந்தக் கம்பெனி மூலமும் அனுப்பவில்லை. அங்கேயும் முதலில் முயன்று பார்த்திருக்கிறான். 'என்ன விசேஷம்?' என்று ஒரு கட்டம். அதில் பிறந்த நாள், திருமண நாள், காதலர் தினம் என்று ஏதாவது ஒன்றைக் குறித்தால்தான் மேலே போகலாம். வாழ்த்து வாசகமும் தயாராக இருந்தது. பழைய வாழ்த்துத் தந்தியில் எண்ணைக் குறித்தால் வாக்கியம் தானாகப் போகுமே, அதே மாதிரி. அவன் அதை மூடிவிட்டுத் திருச்சியில் ஒரு பூக்கடையின் எண்ணைத் தேடிப் பிடித்து நேரே பேசினான். கடைக்காரரும் அதையேதான் கேட்டார்.

"என்ன விசேஷம் சார்? அட்டையிலே எழுதணும்."

"விசேஷம் ஒண்ணுமில்லீங்க. அம்மாவுக்கு."

கடைக்காரர் பால் பாயிண்ட் பேனாவால் அட்டையில் அவன் சொன்ன கடைசி வார்த்தையை மட்டும் எழுதினார். அந்த அட்டை இப்போது கூடத்தில், ஊஞ்சலுக்குப் பக்கத்தில், பித்தளைச் செம்பில் சாய்ந்து நிற்கிறது. செம்பில் தண்ணீர் மாற்றுவது பாட்டிதான்.