யார் ஜவாப்தாரி?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உருட்டப்படும் முறுக்குக் கம்பி ஒவ்வொன்றிலும் அதைச் செய்த ஆலையின் அடையாளம் பொறிக்கப்பட வேண்டும் என்பது விதி. இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனத்தின் 1786-ஆம் எண் தரவிதி அவ்விதம் கட்டளையிடுகிறது. நாளைக்கு ஒரு தளம் விரிந்ததென்றால், கம்பியைப் புரட்டிப் பார்த்து, இது இன்ன ஆலையின் சரக்கு என்று சொல்லி, அந்த ஆலைக்காரரைக் கூண்டில் நிறுத்தலாம். கம்பி செய்கிறவனுக்கு இருக்கும் இந்த ஜவாப்தாரித்தனம், அதே கம்பியின் பலத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை பிரசுரிக்கிறவனுக்கு இருக்கிறதா? இல்லை என்பதே நமது முறையீடு.

கவரைப்பேட்டையிலிருந்து ஆவடி வரையிலும், அங்கிருந்து திருவள்ளூரைச் சுற்றிலும், இந்த ஜில்லாவில் எஞ்சினியரிங் கல்லூரிகள் நெருக்கமாக இருக்கின்றன. பக்கத்திலேயே காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க் கண்டிகையிலும் தொழிற்சாலைகள். உலைக்கசடைக் காங்கிரீட்டில் கலக்கலாமா, சாயக் கழிவு நீரை எவ்விதம் தெளியவைப்பது, அனல் மின் நிலையத்துச் சாம்பலை என்ன செய்வது என்பன போன்ற விஷயங்களைப் பற்றி நமது வாலிபர்கள் ஆராய்ந்து எழுதுவது இயற்கையே, விரும்பத்தக்கதும் ஆகும். அவர்கள் எழுதுவது அச்சேறும் தொழில்நுட்பச் சஞ்சிகைகள் எந்த நெறியில் நடத்தப்படுகின்றன என்பது பேராசிரியர்களின் வீட்டு விவகாரம் என்று பலர் எண்ணுகிறார்கள். நாம் அவ்விதம் எண்ணவில்லை. 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்துப் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழியில் பரவிற்று. அந்த மாதம் முடிவதற்குள் எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் இரவோடிரவாக வீட்டை விட்டு ஓடினார்கள். இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, இந்த மீனைத் தின்னலாமா என்று செம்படவன் கேட்டால், அவனுக்கு அளந்து பார்த்த பதில் வேண்டும். அந்த அளவு பொய்யானால் அவன் வயிறு அல்லவா காயும்? நியாய ஸ்தலத்திலும் அப்படியே. 2023-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி நிபுணரின் அபிப்பிராயம் சாட்சியமாக ஏற்கப்படும். அந்த நிபுணர் கையில் பிடித்துக்கொண்டு வருவது அச்சிட்ட கட்டுரையே. வக்கீல் தொழில் செய்த அநுபவத்தில் சொல்லுகிறோம்: அச்சு எழுத்துக்கு நமது கோர்ட்டுகளில் இருக்கும் மதிப்பு அதிகம்.

இந்த மதிப்பைத்தான் சிலர் காசாக்குகிறார்கள். 2013-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் 'சயன்ஸ்' சஞ்சிகைக்காக ஜான் பொஹானன் என்பவர் ஒரு சோதனை செய்தார். வேண்டுமென்றே அப்பட்டமான தவறுகளை நிரப்பி, இல்லாத ஆசிரியர்கள் பெயரில் ஒரு கட்டுரையை எழுதி, 304 சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 சஞ்சிகைகள் அதை ஏற்றுக்கொண்டன. அவ்விதம் ஏமாந்தவற்றில், அல்லது ஏமாற விரும்பியவற்றில், இந்தியாவிலிருந்து நடப்பவையே மிகுதி. 2014-ஆம் வருஷத்தில் மட்டும் இப்படிப்பட்ட சஞ்சிகைகளில் உலகெங்கும் சுமார் 4,20,000 கட்டுரைகள் வெளிவந்தன என்று பின்லாந்தில் இருவர் மதிப்பிட்டனர். அவற்றின் பிரசுரகர்த்தர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நம் தேசத்தார். ஹைதராபாத்திலிருந்து நடந்த 'ஓமிக்ஸ்' ஸ்தாபனத்தின் மேல் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2016-இல் வழக்குத் தொடுத்தது. நிபுணர் பரிசீலனை நடக்கிறதென்று பொய் சொன்னார்கள், சம்மதமில்லாதவர் பெயரை ஆசிரியர் குழுவில் போட்டார்கள், கட்டணத்தை முதலில் மறைத்தார்கள் என்பவை குற்றச்சாட்டுகள். 2019-இல் நெவாடா கோர்ட்டு ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டும்படி தீர்ப்பளித்தது. இந்தியப் பிரசுரகர்த்தரைத் தண்டிக்க அமெரிக்கக் கோர்ட்டு வேண்டியிருந்தது என்பதைத் தேசாபிமானிகள் கவனிக்கக் கோருகிறோம்.

ஆசிரியர் குழுப் பதவி எவ்வளவு மலிந்துவிட்டது என்பதற்கு நாமே சாட்சி. இரும்பு எந்த உஷ்ணத்தில் உருகும் என்று கேட்டால் விழிக்கும் நமக்கு, உலோகவியல் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியர் குழுவில் 'கௌரவ ஸ்தானம்' அளிப்பதாக மின்னஞ்சல் வந்தது. நமது பாண்டித்தியத்தைப் புகழ்ந்து பத்து வரி. கட்டணத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி.

இந்த வியாபாரம் தானாக வளரவில்லை. சர்க்கார் விதிகள் அதற்கு எருவிட்டன. 2010-ஆம் வருஷத்தில் பல்கலைக் கழக மானியக் குழு, கல்லூரி ஆசிரியர்களின் உத்தியோக உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணி மார்க்குப் போடும் முறையைக் கொண்டுவந்தது. 2016-இல், ஆராய்ச்சிப் பட்டத்துக்கு முன்பாக ஒரு கட்டுரையேனும் சஞ்சிகையில் வந்தாகவேண்டும் என்று விதித்தது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் எண்ணிக்கை பெருகும். இதை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. பிறகு எந்தச் சஞ்சிகை நல்லது என்று ஜாபிதா போட்டார்கள். 2018 மே மாதத்தில் அந்த ஜாபிதாவிலிருந்தே 4,305 சஞ்சிகைகளை நீக்கவேண்டி வந்தது. அதே வருஷத்தில் 'கேர்' என்ற வேறு ஜாபிதா அறிவிக்கப்பட்டது. 2022-இல் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதி எடுபட்டது. 2025 பிப்ரவரியில் 'கேர்' ஜாபிதாவும் கைவிடப்பட்டது. இனிச் சஞ்சிகைகளின் தகுதியைக் கல்லூரிகளும் சர்வகலாசாலைகளுமே நிதானித்துக்கொள்ளட்டும் என்று மானியக் குழு கையை உதறிவிட்டது. எத்தனை கல்லூரிகளுக்கு இந்த நிதானிப்புக்கு யோக்கியதை உண்டு? 2024-ஆம் வருஷத்தில் அண்ணா சர்வகலாசாலையின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளின் ஜாபிதாவில் இருப்பதை அறப்போர் இயக்கத்தார் வெளிப்படுத்தினார்கள். தன் ஆசிரியர்கள் யார் என்பதையே மெய்யாகச் சொல்லாத கல்லூரி, சஞ்சிகையின் மெய்யைச் சோதிக்குமாம்!

இங்கே ஒரு சாரார் சொல்லும் மருந்து நமக்குச் சம்மதமில்லை. உள்நாட்டுச் சஞ்சிகைகளை ஒதுக்கிவிட்டு வெளிநாட்டுச் சஞ்சிகைகளிலேயே எழுதவேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டு மார்க்கா இருந்தால் சரக்கு சுத்தம் என்னும் இந்த மனோபாவத்தை நம் தேசம் விட்டொழித்து வெகு காலமாகியிருக்க வேண்டும். அமெரிக்காவின் பிரபல வைலி கம்பெனியைச் சேர்ந்த ஹிந்தாவி சஞ்சிகைகள் 2023-ஆம் வருஷத்தில் மாத்திரம் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளை வாபஸ் வாங்கின. திருப்பதி சர்வகலாசாலையின் இரசாயனப் பேராசிரியர் ஒருவர் சுமார் 70 கட்டுரைகளில் திருட்டும் கற்பனையும் செய்ததாக 2008-இல் வெளியாயிற்று. அவை வந்தவை மதிப்புள்ள அந்நியச் சஞ்சிகைகளே. இதற்கிடையில், அந்நியச் சஞ்சிகைகளை நம் கல்லூரிகளில் வாசிப்பதற்காக 2025 முதல் மூன்று வருஷங்களுக்கு 6,000 கோடி ரூபாய் கொடுப்பதென்று இந்திய சர்க்கார் 2024 நவம்பரில் தீர்மானித்திருக்கிறது. ஏழை மாணவனுக்கும் வாசிக்கக் கிடைப்பது நல்லதே. ஆனால் நம்மவர் சம்பளமில்லாமல் எழுதி, நம்மவர் சம்பளமில்லாமல் பரிசீலித்து, அதை நாமே காசு கொடுத்து வாங்குவதானது, பருத்தியைக் கப்பலேற்றி மல் துணியை இறக்குமதி செய்த பழைய கதைதான். மருந்து, உள்நாட்டுச் சஞ்சிகையை யோக்கியமாக நடத்துவதே.

அப்படி நடத்த நம்மால் முடியாதா? 1907-இல் டிப்டி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயர் ஒரு கணித சங்கத்தைத் தொடங்கினார். அதன் சஞ்சிகைக்கு உத்தியோகமற்ற ஒரு கும்பகோணத்து வாலிபரின் கட்டுரை வந்தது. பத்திராதிபர் எம். டி. நாராயண ஐயங்கார் அதைக் குப்பையில் போடவில்லை. வந்தபடியே அச்சிடவும் இல்லை. படிகள் விளங்கவில்லை, இதை விரித்தெழுதும் என்று திரும்பத் திரும்ப அனுப்பித் திருத்தி வாங்கி, 1911-இல் பிரசுரித்தார். அந்த வாலிபர் ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். ராமாநுஜனிடம் கட்டணம் கேட்டிருந்தால் அவர் எங்கே போவார்? ஸி. வி. ராமன் 1928-இல் தமது மகத்தான கண்டுபிடிப்பைக் கல்கத்தாவின் இந்தியப் பௌதிக சஞ்சிகையில்தான் வெளியிட்டு, பிரதிகளை உலகத்து விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். இரண்டு வருஷத்தில் நோபல் பரிசு வந்தது. அடிமைத் தேசத்தில் சாத்தியமானது சுதந்தர தேசத்தில் அசாத்தியமாகுமா?

நாராயண ஐயங்கார் செய்ததுதான் பத்திராதிபரின் தர்மம். வந்த கட்டுரையை, அந்தத் துறை அறிந்த, ஆசிரியருக்கு உறவும் கொடுக்கல் வாங்கலும் இல்லாத இருவரிடம் கொடுத்து அவர்கள் சொன்னதைக் கேட்பது. ஏற்பதும் தள்ளுவதும் பணம் வாங்கும் குமாஸ்தாவின் கையில் இல்லாமல் பார்த்துக்கொள்வது. கட்டணம் உண்டென்றால் முதற்பக்கத்திலேயே சொல்லிவிடுவது. தொழில்நுட்பச் சஞ்சிகையில் இதற்கு மேலும் ஒன்று உண்டு; நம் ஜில்லாவுக்கு அதுவே முக்கியம். ஓர் ஆலையின் கழிவு நீரைச் சோதித்து எழுதுகிறவர் அந்த ஆலையின் பணத்தில் சோதித்தாரா என்பதைக் கட்டுரையிலேயே சொல்லியாகவேண்டும். அளந்த அளவுகள் முழுவதையும், அநுகூலமானவற்றை மட்டுமல்ல, கேட்டவருக்குக் காட்டியாகவேண்டும். உழைக்காத இலாகாத் தலைவரின் பெயர் மரியாதைக்காக முன்னால் ஏறுவது நம் கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. அதுவும் பொய் சாட்சிதான். தப்பு வெளிப்பட்டால், கட்டுரையைச் சத்தமில்லாமல் மறைக்காமல், வாபஸ் என்றும் காரணம் இன்னதென்றும் எல்லாரும் பார்க்க அச்சிடவேண்டும். பிரிட்டனில் 1997-இல் தொடங்கிய பிரசுர நெறிக் குழு உலகத்துப் பத்திராதிபர்களுக்கு இவற்றையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. அந்த வாசகத்தை அப்படியே தம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, மூன்றாம் நாள் பிரசுரம் நிச்சயம் என்று விளம்பரம் செய்கிற சஞ்சிகைகளும் உண்டு. நெறி நூலையே காப்பியடிக்கிறார்கள்!

நமது மாணவர்களை ஏசுவதில் நாம் சேரமாட்டோம். உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்டுகிறவன் குற்றவாளியல்ல, பெரும்பாலும் ஏமாந்தவன். 2018-ஆம் வருஷத்து எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளைப் பாருங்கள். ஆய்வேட்டில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பிறர் எழுத்து இருந்தால் மாணவனின் ரிஜிஸ்திரேஷன் ரத்து. காசை வாங்கிக்கொண்டு அத்தகைய எழுத்தை அச்சிட்டவனுக்கு? ஒன்றுமில்லை. எட்டு இலக்கமுள்ள ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைக் காட்டி, சர்க்கார் அங்கீகாரம் என்று அவன் மிடுக்காகப் பேசுகிறான். அது வெறும் அடையாள எண், யோக்கியதாபத்திரமன்று.

சட்டத்தின் நிலைமை இன்னும் விசித்திரமானது. 1867-ஆம் வருஷத்து அச்சகச் சட்டத்தை வெள்ளைக்காரன் நம் நன்மைக்காகச் செய்யவில்லை. ஆயினும் அச்சிட்டவன், பிரசுரித்தவன் பெயரும் இடமும் எந்தப் புஸ்தகத்திலும் தாளிலும் இருக்கவேண்டும் என்று அது விதித்தது. அதற்குப் பதிலாக 2023-இல் பார்லிமெண்டு நிறைவேற்றி, 2024 மார்ச்சு முதல் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டம், பருவ வெளியீடு என்பதற்கு இலக்கணம் சொல்லும்போது விஞ்ஞான, தொழில்நுட்ப, கல்விச் சஞ்சிகைகளை வெளிப்படையாக விலக்கிவிட்டது. ஆராய்ச்சியாளரை ரிஜிஸ்தர் தொல்லையிலிருந்து விடுவிப்பது நோக்கமாயின் அந்த நோக்கம் சரியே. 1910-ஆம் வருஷத்து அச்சுச் சட்டத்தின் ஜாமீன் தொகை தேசீயப் பத்திரிகைகளின் கழுத்தை எப்படி நெரித்தது என்பதை மறவாத நாம், சஞ்சிகைகளுக்கு லைசென்ஸ் போடும்படி எந்த சர்க்காரையும் கேட்கமாட்டோம். சர்க்கார் அனுமதி பெற்ற உண்மை என்று ஒன்று வந்துவிட்டால், எண்ணூர் மீனைப் பற்றி யாரும் வாயைத் திறக்க முடியாது. நாம் கேட்பது பெயர் ஒன்றுதான். பத்திராதிபர் யார், உரிமையாளர் யார், ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது, ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்தார்களா என்பதைச் சொல்லாத சஞ்சிகையை எந்தச் சர்வகலாசாலையும் கணக்கில் எடுக்கலாகாது.

இதற்குப் பார்லிமெண்டு கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருவள்ளூர் ஜில்லாவில் கல்லூரி நிர்வாகக் குழுக்களில் அங்கம் வகிக்கும் நண்பர்கள் பலர் இப்பத்திரிகையின் வாசகர்கள். சென்ற ஐந்து வருஷங்களில் தங்கள் கல்லூரியார் எந்தெந்தச் சஞ்சிகைகளில் எழுதினார்கள், எவற்றுக்கு என்ன கட்டணம் கொடுத்தார்கள், எவை வாபஸாயின, எந்த ஆலை எந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது என்ற விவரத்தை அடுத்த கூட்டத்தில் எழுத்து மூலமாகக் கேட்கட்டும். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் 2023-ஆம் வருஷத்துச் சட்டத்தின் அந்த விலக்குக்குக் கீழே, பெயர் வெளியிடும் கடமையை மட்டும் விதிக்கும் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவரட்டும். வாசகம் வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க நாம் தயார்.