அணை கட்டாமல் ஆற்றிலிருந்து மின்சாரம்

அலாஸ்காவின் இகியுகிக் கிராமத்தில் வசிப்பவர்கள் ஏறத்தாழ 70 பேர். வெளியூர்களோடு இணைக்கும் சாலை இல்லை. விளக்கெரிய டீசல் தொலைவிலிருந்து வந்தாக வேண்டும். ஊரையொட்டியே குவிசாக் ஆறு ஓடுகிறது. 2019இல் அதன் அடியில் ரிவ்ஜென் என்ற டர்பைனை இறக்கினார்கள். அணையோ நீர்த்தேக்கமோ இல்லை, ஓடும் நீரே அதைச் சுழற்றுகிறது. டீசலை நம்பியிருக்கும் இத்தகைய ஊர்களுக்கே இந்த முறை உரியது. பெரிய அணைகளுக்கு மாற்று என்று இதை முன்னிறுத்துவது தவறு.

காரணம் எளிது. நீரோட்டத்தின் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 500 வாட்தான் உண்டு. 2 மீட்டர் வேகத்தில் 4,000 வாட். திறந்த ஓட்டத்தில் அதிலும் 59 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது. மந்தமாக ஓடும் ஆறுகளில் பணத்தைக் கொட்டுவது வீண். செலவு அதிகம் என்பார்கள், உண்மைதான். ஆனால் அதை நகரத்து மின்கட்டணத்தோடு ஒப்பிடக் கூடாது, தொலைவிலிருந்து வரும் டீசலின் விலையோடு ஒப்பிட வேண்டும். மீன்கள் பற்றிய அச்சம் இன்னும் கனமானது. குவிசாக், சாக்கை சால்மன் மீன்களின் வழித்தடம்; அம்மக்களின் உணவும் அதுவே. எனவே மீன்களைக் கண்காணிக்க ஏற்பாடில்லாத எந்தத் திட்டத்துக்கும் அரசுகள் அனுமதி தரக் கூடாது.