மயக்க மருந்துக்குக் காத்திருக்கும் ஹேர்னியா

2022 மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்தியது. அப்போது தட்டுப்பாடாக இருந்த மருந்துகளில் ஒன்று நியோஸ்டிக்மின். முழு மயக்கத்தின்போது தளர்த்தப்பட்ட தசைகளை மீண்டும் இயங்கவைக்கும் மருந்து அது. கவட்டு ஹேர்னியாவை விறைப்பு ஊசியுடன் செய்தால் அந்த மருந்துக்கே வேலையில்லை. நோயாளி அன்று மாலையே வீடு திரும்பலாம்.

இது புதிய முறையல்ல. 1980களிலேயே லொஸ் ஏஞ்சல்ஸில் லிக்டென்ஸ்டைன் இப்படித்தான் வலை வைத்துத் தைத்தார். 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டியும் திறந்த சத்திரசிகிச்சைக்கு இதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: செய்பவர் இம்முறையில் அனுபவமுள்ளவராக இருக்க வேண்டும். அந்த அனுபவம் பயிலுநர் காலத்தில் கிடைக்காவிட்டால் வேறு எங்கே கிடைக்கும்?

மயங்கிக் கிடக்கும் நோயாளி முரட்டுக் கையைப் பொறுத்துக்கொள்வார். விழித்திருப்பவர் பொறுக்கமாட்டார். ஹேர்னியாப் பையைச் சற்று இழுத்தாலே முகம் சுளிப்பார். எனவே அடுக்கடுக்காக மருந்து செலுத்தவும், அது வேலை செய்யும்வரை பொறுத்திருக்கவும் பழக வேண்டும். கணக்கும் தெரிய வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்குத் தனி லிக்னோகேயின் 150 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. 1 சதவீதக் கரைசலில் அது வெறும் 15 மில்லிலீற்றர், கவட்டுக்குப் போதாது. அட்ரினலின் சேர்த்தால் 35 வரை போகலாம், பாதியாக நீர்த்தால் 70. அளவு மீறினால் வாயைச் சுற்றி விறைக்கும், காது இரையும், வலிப்பும் வரலாம். ஆகவே மயக்க மருந்து நிபுணர் தேவையில்லை என்று யாரும் இதற்கு அர்த்தம் எடுக்கக்கூடாது. நாட்டை விட்டுப் போனவர்கள் போக எஞ்சியிருப்பவர்களின் நேரத்தைப் பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு விடலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, மொழி. முழித்திருக்கும் நோயாளியிடம் "நோகுதா ஐயா?" என்று அவருடைய மொழியில் கேட்கத் தெரியாத பயிலுநர், தமிழரோ சிங்களவரோ, பாதி வேலையைத்தான் கற்றிருக்கிறார். பிழைவிட்ட பயிலுநரை நோயாளியின் காதுபட ஏசும் பழக்கத்தை நிபுணர்களும் விட வேண்டியிருக்கும்.

பட்டப்பின் மருத்துவ நிறுவகம் பயிலுநரின் பதிவேட்டில் எத்தனை ஹேர்னியா என்பதோடு, விறைப்பு ஊசியுடன் எத்தனை என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். முதலில் மெலிந்த உடல், சிறிய ஹேர்னியா. சிறுவர்களும் குடல் இறுகியவர்களும் இந்தப் பட்டியலில் வரக்கூடாது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முடிவையும் பயிலுநரே எடுத்துப் பழக வேண்டும். துணுக்காயிலிருந்து யாழ்ப்பாணம் வந்தவருக்கு இரவில் காயம் வீங்கினால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது, யார் எடுப்பார் என்பதும் அந்தப் பயிற்சிக்குள் வரும்.