தூங்கும் கரடியும் தூங்காத உப்புக் கணக்கும்

‘பொட்டாசியம் குறைஞ்சிருக்கு, இளநீர் குடிங்க’ என்று ஒருவரிடம் சொல்லும் டாக்டர், அடுத்து வரும் சிறுநீரக நோயாளியிடம் ‘வாழைப்பழம், இளநீர் பக்கமே போகாதீங்க’ என்கிறார். ஒரே உப்புதான். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

நம் செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே ரத்தத்தில் இருப்பதைப்போல சுமார் 30 மடங்கு. சோடியம் நேர்மாறு, வெளியே அதிகம், உள்ளே குறைவு. இந்த வித்தியாசம் இருப்பதால்தான் நரம்பு வேலை செய்கிறது, இதயம் துடிக்கிறது. உள்ளே கசியும் சோடியத்தை வெளியேற்றி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்க ஒவ்வொரு செல்லின் சவ்விலும் குட்டிக் குட்டி பம்புகள் இரவு பகலாக ஓடுகின்றன. நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 5-ல் ஒரு பங்கு இதற்கே போகிறது.

உடல் மிகவும் குளிர்ந்தால் பம்பு தள்ளாடும். கசிவு மட்டும் நிற்காது. கிணற்று மோட்டார் நின்ற பிறகும் தொட்டியில் ஓட்டை இருப்பது போல. மனித உடல் 28 டிகிரிக்குக் கீழே போனாலே இதயம் தாளம் தப்பும் அபாயம் உண்டு. ஆனால் குளிர்கால உறக்கத்தில் இருக்கும் தரை அணிலின் இதயம், 5 டிகிரிக்குப் பக்கத்திலும் நிமிடத்துக்குச் சில தடவை ஒழுங்காகத் துடிக்கிறது. அதன் செல்கள் குளிரிலும் பொட்டாசியத்தைக் கைவிடுவதில்லை.

இந்த உறக்கத்தைச் செயற்கையாக வரவழைக்க முடியுமா? 1938-லேயே பின்லாந்து விஞ்ஞானி பாவோ சுவோமலைனென் முயன்றார். உறங்கும் முள்ளெலியின் ரத்தத்தில் மெக்னீசியம் உயர்ந்திருப்பதைக் கவனித்தவர் அவர். இன்சுலினும் மெக்னீசியமும் கொடுத்து, குளிரில் வைத்து, முள்ளெலிகளை உறக்கம் போன்ற நிலைக்குக் கொண்டுபோனார்.

2020-ல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் தகேஷி சகுராய் குழுவினர் வேறு வழியில் போனார்கள். சுண்டெலியின் மூளையில், ஹைபோதலாமஸ் பகுதியில் உள்ள சில நரம்பு செல்களைத் தூண்டினார்கள். உடல் வெப்பம் சரசரவென்று இறங்கியது, இரண்டு நாளுக்கும் மேல் அப்படியே இருந்தது. பிறகு எலி வழக்கம்போல எழுந்து நடமாடியது. இயற்கையில் குளிர்கால உறக்கமே இல்லாத பெரிய எலிகளிடமும் இது பலித்ததுதான் ஆச்சரியம்.

அப்படியென்றால் மனிதனையும் தூங்க வைத்துச் செவ்வாய்க்கு அனுப்பிவிடலாமா? அங்கே கால்சியம் குறுக்கே நிற்கிறது. விண்வெளியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவிகிதம் வரை இடுப்பெலும்பின் அடர்த்தி கரைகிறது. பூமியிலும் மாதக்கணக்கில் படுத்தால் எலும்பு மெலியும். ஆனால் கருங்கரடி 5, 6 மாதம் உண்ணாமல், சிறுநீர்கூடக் கழிக்காமல் படுத்துக் கிடந்தும் எலும்பை இழப்பதில்லை. எலும்பைக் கரைக்கும் வேலை, கட்டும் வேலை இரண்டையும் அது சமமாகக் குறைத்துக்கொள்கிறது. அதனால் ரத்தத்தின் கால்சியம் அளவு மாறுவதில்லை. இந்தக் கணக்கு பிடிபட்டால், விண்வெளி வீரருக்கு முன்பாக, எலும்புத் தேய்மானத்தால் அவதிப்படும் நம் வீட்டுப் பாட்டிக்குப் பலன் கிடைக்கலாம்.

இதன் சிறிய வடிவம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஏற்கெனவே உண்டு. இதயம் நின்று மீண்டவர்களில் சிலருக்கு, மூளையைக் காப்பதற்காக உடலை 33 டிகிரி வாக்கில் குளிர்விப்பார்கள். இந்த மிதமான குளிரில் பொட்டாசியம் செல்லுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். ரத்தத்தில் குறைந்ததாகக் காட்டும். மெக்னீசியமும் பாஸ்பேட்டும் சிறுநீரில் வெளியேறும். ‘குறைகிறதே’ என்று பொட்டாசியத்தை அள்ளிக் கொடுத்தால், உடலைச் சூடேற்றும்போது ஒதுங்கியதும் திரும்பி வரும், கொடுத்ததும் சேரும், இதயம் திணறும். ஆகவே மணிக்கு கால் டிகிரி, அரை டிகிரி என்று மெல்ல மெல்ல, அடிக்கடி ரத்தம் பரிசோதித்துத்தான் சூடேற்றுகிறார்கள்.

‘இன்னும் ஏன் கண் விழிக்க வைக்கலை?’ என்று வெளியே உறவினர்கள் தவிக்கும் நேரத்தில், உள்ளே இந்த உப்புக் கணக்குதான் நடந்துகொண்டிருக்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தூங்க வைப்பதைவிட எழுப்புவதுதான் பெரும்பாடு!