எருக்கம்பூவின் பூட்டும் கருவண்டும்

கேள்வி: "திருச்செந்தூர் பக்கம் தேரி மணலை ஒட்டி எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. ஒரு ஏக்கரில் செடிமுருங்கை, இன்னொன்றில் கத்திரி. வேலியோர மணல்மேட்டில் எருக்கு புதராக மண்டிவிட்டது. அந்தப் பூவைத் தேடிப் பெரிய கருவண்டுகள் வருகின்றன. மோட்டார் கொட்டகையின் மூங்கிலைத் துளைப்பதும் அவைதான். இந்த வருஷம் கத்திரியில் பூ நிறைய உதிர்கிறது. வண்டுதான் பூவைக் கெடுக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். பொக்லைன் வைத்து எருக்கைப் பிடுங்கிவிட்டு, மூங்கில் ஓட்டையில் மருந்து ஊற்றலாமா?"
– வாசகர், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: இரண்டையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். உங்கள் கத்திரிக்கும் முருங்கைக்கும் காய் பிடிக்க உதவும் பூச்சியையும், அதற்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு போடும் செடியையும் ஒரே நாளில் அழிக்கப் பார்க்கிறீர்கள்.

முதலில் எருக்கம்பூவைப் பார்ப்போம். பிள்ளையாருக்கு மாலை கட்டும்போது எல்லோரும் கையில் எடுத்த பூதான். ஐந்து இதழ், நடுவில் கிரீடம் மாதிரி ஐந்து மடல், அதன் உச்சியில் ஐந்து மூலையுள்ள தட்டையான மேடை. மற்ற பூக்களில் விரல் வைத்தால் மஞ்சள் தூள் ஒட்டும். எருக்கில் ஒட்டாது. இதன் மகரந்தம் தூளாக இருப்பதில்லை; மெழுகு போன்ற சிறு பைகளில் அடைந்து கிடக்கிறது. இரண்டு பைகளை ஒரு சின்னக் கொக்கி இணைத்திருக்கும். ஒரு பூவில் ஐந்து ஜோடி, ஆக 10 பைகள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஐந்து மூலை மேடையின் பக்கவாட்டில், மூலைக்கு ஒன்றாக மெல்லிய பிளவு தெரியும். ஒரு குண்டூசியைப் பிளவின் கீழே நுழைத்து மெல்ல மேலே இழுங்கள். ஊசி முனையில் கடுகை விடச் சிறிய கரும்புள்ளியும், அதிலிருந்து தொங்கும் இரண்டு மஞ்சள் பைகளும் வெளியே வரும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். ஆனால் பால் கண்ணில் படக்கூடாது. எருக்கம்பால் கண்ணின் கருவிழியைப் புண்ணாக்கும். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஊசி செய்த வேலையைக் காற்று செய்ய முடியாது. சின்னப் பூச்சிகளாலும் பெரும்பாலும் முடியாது. கொக்கி மாட்டினால் இழுத்துக்கொண்டு வர வலு வேண்டும். அந்த வலு உள்ளது கருவண்டுக்கு. தேன் குடிக்க மேடையைப் பிடித்துத் தொங்கும்போது அதன் காலோ வாய்ப்பகுதியோ பிளவில் வழுக்கி விழுகிறது. உதறி இழுக்கும்போது பைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அடுத்த பூவில் உட்காரும்போது அந்தப் பை சரியாகப் பிளவுக்குள் சொருகிக்கொண்டால்தான் சேர்க்கை நடக்கும். இத்தனை சிக்கல் இருப்பதால்தான் கொத்துக் கொத்தாகப் பூத்தாலும் எருக்கில் சில காய்களே நிற்கின்றன. அப்படி நிற்கும் காயில் நூற்றுக்கணக்கான விதைகள் பஞ்சோடு பறக்கக் காத்திருக்கும். ஒரே பை நிறைய மகரந்தம் மொத்தமாகப் போய்ச் சேர்வதன் பலன் இது.

வண்டு என்று நாம் கூப்பிட்டாலும் அது தேனீ இனம். மரத்தில் துளையிட்டுக் குடியிருப்பதால் தச்சன் தேனீ என்றும் சொல்வார்கள். தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கில் கூட்டமாக வாழாது. ஒரு பெண் தேனீ காய்ந்த மரத்தையோ மூங்கிலையோ துளைத்து, மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்புக் கட்டும். பிறகு அடுத்த அறை. இப்படி ஒரு தாய் வளர்ப்பது சில குஞ்சுகள்தான். ஓர் ஓட்டையில் மருந்து ஊற்றினால் ஒரு குடும்பமே போய்விடும். ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது. பெண்ணும் கையால் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது.

இனி உங்கள் கத்திரிக்கு வருவோம். கத்திரிப்பூவின் மகரந்தப்பை உப்புக் குப்பி மாதிரி. நுனியில் மட்டும் துளை இருக்கும். குலுக்கினால்தான் தூள் கொட்டும். காற்று ஓரளவு குலுக்கும். தச்சன் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து, இறக்கைச் சதையை அதிரவிட்டு 'ர்ர்ர்' என்று ஒலி எழுப்பும். தூள் பொலபொலவென்று உதிரும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலப்பட்டை போட்ட சிறு தேனீ ஒன்றும் இதே வேலையைச் செய்யும். பூவைக் கெடுப்பதாகச் சொல்லப்படும் வண்டு உண்மையில் காய்க்காக உழைத்துக்கொண்டிருக்கிறது. முருங்கைப் பூவுக்கும் தச்சன் தேனீ நல்ல கூட்டாளி.

பிறகு ஏன் பூ உதிர்கிறது? உதிர்ந்த கத்திரிப்பூக்களைப் பொறுக்கிப் பாருங்கள். நடுவிலுள்ள சூல்தண்டு மகரந்தப்பைகளைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் அது காய்க்கக்கூடிய பூ. குட்டையாக உள்ளே ஒளிந்திருந்தால் எந்தத் தேனீ வந்தாலும் காய்க்காது; அது உதிர்வது இயல்பு. குட்டைப் பூக்களே அதிகம் என்றால் செடியின் சத்தையும் தண்ணீரையும் கவனியுங்கள். நீண்ட தண்டுள்ள பூக்களும் நிறைய உதிர்ந்தால், கடும் வெயில், தண்ணீர்க் குறைவு ஆகியவற்றோடு தேனீ வரத்தையும் சந்தேகப்படலாம். காலையில் கால் மணி நேரம் கத்திரி வரிசையில் நின்று எத்தனை தேனீ வருகிறது என்று எண்ணுங்கள். நான்கைந்து நாள் எண்ணினால் நிலவரம் புரிந்துவிடும். பூச்சிமருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால், தேனீ நடமாட்டம் அடங்கிய மாலையில் அடியுங்கள்.

கத்திரியும் முருங்கையும் ஓய்ந்திருக்கும் மாதங்களிலும் தேனீக்குப் பசிக்கும். அப்போது கை கொடுப்பது எருக்கு. வேர் ஆழமாக இறங்குவதால் கோடையில் மற்றவை கருகும்போதும் அது பூக்கும். மேட்டு மணலைப் பிடித்து வைப்பதும் அந்தப் புதர்தான். வேரோடு பிடுங்கினால் ஆடிக் காற்றில் மணல் உங்கள் கத்திரிமேல்தான் வந்து விழும்.

அதற்காக எருக்கை நிலம் முழுக்கப் பரவ விடச் சொல்லவில்லை. வேலியோர மேட்டோடு நிறுத்துங்கள். காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் முன் பறித்துவிட்டால் விதை வயலுக்குள் வராது. தழை வேண்டுமானால் ஒரு புதர் விட்டு ஒரு புதர் வெட்டிப் பசுந்தழை உரமாகப் போடுங்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். வெட்டாத புதரில் பூ இருந்துகொண்டே இருக்கும்.

பூச்சிகளையும் பிரித்துப் பாருங்கள். எருக்கில் அப்பும் மஞ்சள் அசுவினி கத்திரியில் பெருகுவதில்லை. அதைத் தின்ன வரும் பொறிவண்டு உங்களுக்கு லாபம். வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி தெரிந்தால் மட்டும் அந்தக் கிளையை வெட்டி அழித்துவிடுங்கள். மஞ்சளும் நீலமுமாகப் பளபளக்கும் எருக்கு வெட்டுக்கிளி கூட்டமாக இருக்கும்போது புதரை அடியோடு வெட்டாதீர்கள். இலை தீர்ந்தால் அது பக்கத்துப் பயிருக்குத் தாவும். விடியற்காலையில் மந்தமாக இருக்கும். அப்போது கையால் பொறுக்கிவிடலாம்.

மிச்சம் இருப்பது கொட்டகை மூங்கில். பாரம் தாங்கும் மூங்கிலுக்குப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். பெயிண்ட் பூசியதை அது அவ்வளவாக நாடாது. பழைய ஓட்டைகளில் தேனீ இல்லை என்று உறுதி செய்துகொண்டு களிமண்ணால் அடையுங்கள். அதற்குப் பதிலாக, கட்டைவிரல் நுழையும் அளவு துளையுள்ள காய்ந்த மூங்கில் துண்டுகளை, ஒரு பக்கம் கணு மூடியிருக்கும்படி நறுக்கி, பத்துப் பதினைந்தைக் கட்டாகக் கட்டி, மழை படாத நிழலில் படுக்கைவாக்கில் தொங்கவிடுங்கள். கத்திரி வயலுக்கும் எருக்குப் புதருக்கும் நடுவில் தொங்கினால் நல்லது. பொக்லைன் வாடகையும் மருந்துச் செலவும் மிச்சம். அடுத்த பூப்பில் மறுபடி எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.