கருத்து வேறு, பகை வேறு

“மூத்தோரோடு வாதாடாதே” என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பிழை வாதத்தில் இல்லை, வாதாடும் முறையில்தான் இருக்கிறது என்பேன் நான்.

1992 ஜனவரியில், ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த அன்ட்ரூ டனன்போம், லினக்ஸின் வடிவமைப்பு காலாவதியானது என்று எழுதினார். பணிசெயல் முறைமையின் மையம் சிறிதாக இருக்க வேண்டும், ஏனைய வேலைகள் தனித்தனியாகப் பிரிய வேண்டும் என்பது அவர் கட்சி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸோ 22 வயது மாணவர். டனன்போமின் நூலிலும் அவருடைய மினிக்ஸிலும் பாடம் கற்றவர். சூடாகவே மறுத்தெழுதினார். பிறகு கடுஞ்சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டார். கருத்தை மட்டும் கைவிடவில்லை.

2004இல், லினஸ் மினிக்ஸைப் பார்த்துத் திருடினார் என்றொரு குற்றச்சாட்டு எழுந்தது. அதனைப் பகிரங்கமாக மறுத்தவர் யார் தெரியுமா? அதே டனன்போம்தான்! அவரும் தன் கட்சியை விடவில்லை.

போன தவணை, பைதனா ஜாவாவா சிறந்தது என்று தொடங்கிய பேச்சில், தோழியொருத்தியோடு இரண்டு வாரம் நான் கதைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் தோற்றுவிடுவேன் என்று நினைத்தேன். கேட்ட பின்பும் நான் பைதன் பக்கம்தான்; அவள் ஜாவா பக்கம்தான். வீணானது அந்த இரண்டு வாரம் மட்டுமே.

தோழியரே, வாதாடுவோம். நாளை அவளுக்கொரு பழி வந்தால், முதலில் எழுந்து பேசுபவர்களாகவும் இருப்போம்.